கதவின் அகலத்தைக் கேட்டுச் சொல்லுங்கள்: மலையகப் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், நுவரெலியா, கண்டி, பண்டாரவளை, பதுளைப் பக்கம் பயண முகவர் நிலையம் நடத்தும் அன்பர்களுக்கு வணக்கம்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தப்பா காசு போட, இங்கிருந்து தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒன்றாகச் சிங்கப்பூர் போய் உல்லாசக் கப்பலேறும் பயணங்களை நீங்கள் ஒழுங்கு செய்து தருகிறீர்கள். அப்படிப் போகும் குடும்பங்களில் சிலவற்றில் சக்கர நாற்காலி பாவிக்கும் பிள்ளையும் இருக்கிறது. இந்த மடல் அந்தப் பிள்ளைக்காக எழுதப்படுகிறது.

“பிள்ளை வீல்செயார்ல இருக்கு, பரவாயில்லையா?” என்று பெற்றார் கேட்கிறார்கள். “அதெல்லாம் கப்பல்ல வசதி இருக்குங்க” என்று உங்கள் மேசையிலிருந்து பதில் வருகிறது. அதில் பொய் எதுவும் இல்லை. கப்பலில் லிப்ட் இருக்கிறது, அகலமான கூடங்கள் இருக்கின்றன, நாற்காலிக்கென்றே கட்டிய சில அறைகளும் இருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் பதிவு செய்து கொடுத்த அறை அந்தச் சிலவற்றில் ஒன்றா என்பதை அந்தப் பதில் சொல்லவில்லை. ஏறிய பிறகு அறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாவிட்டால், அதை நடைவழியில் விட்டுவைக்கவும் முடியாது. ஆபத்து நேரத்தில் ஆட்கள் ஓடும் வழி அது என்பதால் கப்பல்காரர்கள் அங்கே எதையும் வைக்க விடமாட்டார்கள். பிள்ளையை ஒருவர் தூக்க, நாற்காலியை இன்னொருவர் மடித்து உள்ளே தள்ள, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கால் வைக்க இடமில்லாமல் அத்தனை இரவும் கழியும்.

வசதி உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று மட்டும் சொன்னால் போதாது. அதற்குச் சென்ரிமீற்றரில் பதில் வேண்டும்.

சாதாரண கப்பல் அறையின் கதவு பெரும்பாலும் 56 முதல் 61 சென்ரிமீற்றர் அகலம், அதாவது 22 முதல் 24 அங்குலம். சக்கர நாற்காலிக்கென்று கட்டிய அறையின் கதவு ஏறக்குறைய 81 சென்ரிமீற்றர், 32 அங்குலம். பிள்ளையின் நாற்காலி இந்த இரண்டில் எதற்குள் போகும் என்று தெரியாமல் யாரும் முற்பணம் வாங்கக்கூடாது.

நாற்காலியை அளப்பதில்தான் முதல் பிழை நடக்கிறது. வாங்கிய பற்றுச்சீட்டிலும் நாற்காலி வந்த பெட்டியிலும் 12, 14, 16, 18 அங்குலம் என்று எழுதியிருப்பது இருக்கையின் அகலம். இரு பக்கச் சில்லுகளும் கையால் தள்ளும் வளையங்களும் சேர்ந்தால் ஏறக்குறைய 8 அங்குலம் கூடிவிடும். 14 அங்குல இருக்கை உள்ள நாற்காலி வெளியே 22 அங்குலம் வரும், 18 அங்குல இருக்கை உள்ளது 26 வரும். மலையகத்தில் பல பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது அன்பளிப்பாகக் கிடைத்த நாற்காலியில். பிள்ளைக்கு அளவெடுத்துச் செய்ததல்ல, பெரியவர்களுக்கான 18 அங்குல ஆஸ்பத்திரி நாற்காலி அது. இரு பக்கமும் தலையணை செருகித்தான் பிள்ளையை உட்காரவைத்திருப்பார்கள். 8 வயதுப் பிள்ளை சின்னதாகத் தெரிகிறது, நாற்காலியும் சின்னதாகத்தான் இருக்கும் என்று கண்ணால் கணக்குப் போட்டால் அங்கேயே தவறும். அளவு நாடாவை ஒரு பக்க வளையத்தின் வெளி விளிம்பில் வைத்து, மறுபக்க வளையத்தின் வெளி விளிம்பு வரை பிடியுங்கள். பிள்ளை உட்கார்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும், ஏனென்றால் மடிக்கும் நாற்காலி பாரம் ஏறியதும் சற்று விரியும். பிள்ளை தானே கையால் உருட்டிப் போகுமென்றால் இரண்டு கைமுட்டிகளுக்கும் பக்கத்துக்கு 5 சென்ரிமீற்றர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அகலத்தோடு நீளமும் வேண்டும். கால் பலகையில் இருக்கும் பெருவிரல் நுனியிலிருந்து பின் கைப்பிடி வரை அளப்பது. கழுத்தும் முதுகும் நிற்காத பிள்ளைக்குக் கொடுக்கும் சாய்வு நாற்காலி 1 மீற்றரைத் தாண்டும். அதை ஒரே இடத்தில் வைத்துத் திருப்ப 150 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வெற்று வட்டம் தேவை. நாற்காலிக்கான அறைகளில் கட்டில் பக்கத்திலும் குளியலறையிலும் அந்த வட்டம் விடப்பட்டிருக்கும். நாற்காலியின் எடையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி நாற்காலி 18, 20 கிலோ இருக்கும். கப்பல் நிறுவனத்துக்கு அனுப்பும் தாளில் அந்த எண்ணும் வேண்டும்.

இன்னொன்று: பதிவு செய்வதற்கும் கப்பலேறுவதற்கும் இடையில் 10, 12 மாதம் ஓடலாம். பிள்ளை வளரும். இடையில் புது நாற்காலியும் கிடைக்கலாம். பயணத்துக்கு 60 நாள் இருக்கும்போது குடும்பத்தைக் கூப்பிட்டு மறுபடி அளந்து, கப்பல் நிறுவனத்தின் விசேட தேவைப் படிவத்தைத் திருத்தி அனுப்புவதும் உங்கள் வேலைதான்.

இனிக் குளியலறை. கதவை விடக் கூடுதலாகக் குடும்பங்களைக் கண்கலங்க வைப்பது இது. சாதாரண அறையின் குளியலறை வாசலில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும், தண்ணீர் வெளியே வராமலிருக்க. உள்ளே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். நாற்காலிக்கான அறையில் அந்தத் தடுப்புக்குச் சாய்தளம் இருக்கும், அல்லது தடுப்பே இருக்காது. ஷவருக்குள் உருட்டிக்கொண்டே போகலாம், சுவரில் மடக்குப் பலகை இருக்கும், பிடிக்கக் கம்பிகள் இருக்கும். நல்லதுதான், ஆனால் அவையெல்லாம் பெரியவர்களின் உடலுக்காக வைக்கப்பட்டவை. மடக்குப் பலகைக்குப் பின்சாய்வு இல்லை, பட்டி இல்லை. உடல் நிற்காத பிள்ளை அதிலிருந்து சரிந்து விழும், அதுவும் ஆடும் கப்பலில், ஈரத் தரையில். வீட்டில் குளிக்க வைக்கும் வலைத்துணி நாற்காலி மடிக்கக்கூடியதென்றால் அதையே கொண்டுபோகச் சொல்லுங்கள். கொமட் 43 முதல் 48 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். பிள்ளையின் கால் தரையில் படாது, கால் படாமல் மலங்கழிப்பதும் சிரமம். காலுக்கு ஒரு சின்ன முக்காலியும், துவாரத்தைச் சிறிதாக்கும் பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் வளையமும் பெட்டியில் இருக்கட்டும்.

“அணுகல் அறை” என்று கணினியில் வந்தால் எல்லாம் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். நாற்காலியை உள்ளே எங்கும் உருட்டித் திரும்பக்கூடிய முழு அறை ஒரு வகை. கட்டிலின் ஒரு பக்கத்தில் மட்டும் நாற்காலி நிற்க இடமுள்ளது இன்னொரு வகை. கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்காகக் கம்பிகள் மட்டும் போட்ட, கதவும் அகலமில்லாத மூன்றாவது வகையும் இருக்கிறது. மூன்றாவது வகையை முழுநேரமும் நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குப் பதிவு செய்வதும் நடக்கிறது. வகையின் பெயரை நிறுவனம் எப்படி வைத்திருந்தாலும் கேட்க வேண்டியவை: அறைக் கதவைத் திறந்தால் தடையின்றிக் கிடைக்கும் அகலம், குளியலறைக் கதவின் அகலம், குளியலறைக்குள் வட்டம், கட்டிலின் எந்தப் பக்கத்தில் 90 சென்ரிமீற்றர் இடம். தூக்கும் உபகரணம் பாவிக்கும் குடும்பமென்றால் கட்டிலுக்கு அடியில் எவ்வளவு உயரம் வெறுமையாக இருக்கிறது என்பதும் வேண்டும், அதன் கால்கள் அங்கே நுழைந்தாக வேண்டும். பல்கனி அறை என்றால் பல்கனி வாசலுக்குச் சாய்தளம் தருவார்களா என்றும் கேளுங்கள். அங்கேயும் ஒரு தடுப்பு இருக்கும். அதைத் தாண்ட முடியாவிட்டால் கூடுதல் காசு கொடுத்த கடல் காட்சியைப் பிள்ளை கண்ணாடிக்குப் பின்னாலிருந்துதான் பார்க்கும்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கே வரும் சிக்கல் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. நாற்காலிக்கான அறை “4 பேருக்கு” என்று காட்டும். இரண்டு பேர் கட்டிலில், மூன்றாமவர் சோபாவை விரித்த கட்டிலில், நாலாமவர் கூரையிலிருந்து இறங்கும் கட்டிலில். பகலில் சோபா மடிந்திருக்கும்போது 150 சென்ரிமீற்றர் வட்டம் இருக்கிறது. இரவில் சோபாவை விரித்தால் அந்த வட்டம் காணாமல் போய்விடும், குளியலறைக்குப் போகும் வழியும் அடைபடும். நடு இரவில் பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்க, வலிப்பு வந்தால் ஓடிப்போய்ப் பார்க்க வழி வேண்டாமா? நாலு பேர் குடும்பமென்றால் நாற்காலி அறையில் இரண்டு பேரும், உட்கதவால் இணையும் அடுத்த அறையில் இரண்டு பேருமாகப் போடுங்கள். இணையும் அறை கிடைக்காவிட்டால் எதிர் அறை. காசு கூடும், உண்மைதான். அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டால் குடும்பம் தீர்மானிக்கும்.

இந்த அறைகள் ஒரு கப்பலில் மிகச் சிலவே. நமது பள்ளி விடுமுறை ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் வருகிறது. டிசெம்பரில் உலகத்துக்கே விடுமுறை. 9 மாதத்துக்கு முன்னரே கேட்டால் தெரிவு இருக்கும், 3 மாதத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் இருக்காது. ஆகவே இந்தக் குடும்பங்களுக்கு விலை குறையட்டும் என்று காத்திருக்கச் சொல்லாதீர்கள். “அறையைப் பிறகு ஒதுக்குவார்கள்” என்ற மலிவு விலைத் திட்டமும் இவர்களுக்குச் சரிவராது. முற்பணம் கட்டும் நாளிலேயே அறை இலக்கம் கையில் இருக்க வேண்டும். லிப்டுக்கு அருகில், நடுக்கப்பலில், கீழ்த்தளங்களில் இருந்தால் ஆட்டமும் குறைவு, தடித்த கம்பளத்தில் நாற்காலி தள்ளும் தூரமும் குறைவு. அந்தக் கம்பளம் சின்ன முன்சில்லுகளைப் பிடித்து இழுக்கும். தானே உருட்டும் பிள்ளை நீண்ட நடைவழியில் களைத்துப்போகும்.

“பிள்ளை சின்னதுதானே, தூக்கிக்கிட்டே போயிரலாம்” என்று சொல்வீர்கள். லயத்துப் படிக்கட்டிலும் தேயிலை மலைக் குறுக்குப் பாதையிலும் பிள்ளையை இடுப்பில் சுமந்தே வளர்த்த தாய்மாருக்கு அது கேட்டுப் பழகிய வார்த்தை. ஆனால் 8 வயதுப் பிள்ளை 20 கிலோவைத் தாண்டியிருக்கும், 12 வயதில் 30ஐத் தாண்டும். தசை இறுகிய பிள்ளையைத் தூக்குவது அரிசி மூட்டையைத் தூக்குவது போலல்ல, பிள்ளை தானே விறைத்து எதிர்ப்பக்கம் தள்ளும். கப்பல் ஊழியர்கள் பயணிகளைத் தூக்கவே மாட்டார்கள், அது அவர்களுடைய விதி. நாலு நாளும் தூக்கித் தூக்கி முதுகு பிடித்த தாயோடு திரும்பி வரும் பயணத்தை விடுமுறை என்று எப்படிச் சொல்வது?

துறைமுகங்களுக்கு வருவோம். பயணத் திட்டத்தில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் நீங்கள் எழுத வேண்டியது கப்பல் துறைமேடையில் கட்டுமா, கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆளிறக்குமா என்பது. பினாங்கில் சுவெட்டன்ஹாம் மேடையில் கப்பல் அணைகிறது, இறங்கினால் ஜோர்ஜ்டவுன். போர்ட் கிளாங்கிலும் மேடை உண்டு. புக்கெட்டுக்குப் போகும் பெரிய கப்பல்கள் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை அனுப்புவது வழமை. கோ சமூயிலும் அப்படித்தான். படகு என்றால் கப்பல் பக்கத்திலிருந்து ஆடும் படகுக்கு ஒரு அடி எடுத்துவைக்க வேண்டும். மின் நாற்காலியை அநேகமாக ஏற்றமாட்டார்கள். மடிக்கும் நாற்காலியையும், பிள்ளையைப் பெற்றாரே படகுக்கு மாற்ற முடிந்தால்தான் விடுவார்கள். அன்று அலை கூடினால் படகின் பொறுப்பாளர் வேண்டாமென்று சொல்லிவிடுவார், அதை மறுத்துப் பேச முடியாது. ஆகவே படகுத் துறை உள்ள பயணத்தை விற்கும்போது, அந்த நாளில் பிள்ளை கப்பலிலேயே இருக்க நேரலாம், ஒரு பெரியவரும் கூடவே இருக்க வேண்டும் என்று முன்னரே சொல்லுங்கள். மேடைத் துறைகள் மட்டும் உள்ள பயணமும், எந்தத் துறையிலும் நிற்காமல் 3, 4 இரவு கடலிலேயே சுற்றி வரும் பயணமும் சிங்கப்பூரிலிருந்து கிடைக்கின்றன. முதற்பயணத்துக்கு இவை இரண்டில் ஒன்றுதான் எங்கள் பரிந்துரை.

மேடையில் அணைந்தாலும் இறங்கு பாலத்தின் சாய்வு நேரத்துக்கு நேரம் மாறும். சிங்கப்பூர்ப் பக்கத்தில் கடல்மட்டம் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் 3 மீற்றர் வரை ஏறி இறங்குகிறது. கட்டடங்களில் நாற்காலிச் சாய்தளத்துக்கு 1க்கு 12 என்பது அளவு, அதாவது 1 மீற்றர் உயர 12 மீற்றர் நீளம். இறங்கு பாலம் அதைவிடச் செங்குத்தாக நிற்கும் நேரமும் வரும். காலையில் சுலபமாக இறங்கியவர்கள் மாலையில் ஏற ஆள் உதவி கேட்க வேண்டியிருக்கலாம். இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாக இறக்க வேண்டும் என்பதையும் குடும்பத்துக்குச் சொல்லி வையுங்கள்.

கரைச் சுற்றுலா பற்றி ஒரு தனிக் குறிப்பு. நமது ஆட்கள் போர்ட் கிளாங் என்றவுடன் பத்துமலை கேட்பார்கள், பினாங்கு என்றவுடன் தண்ணீர்மலை கேட்பார்கள். பத்துமலைக் குகைக்கு 272 படி, தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி. பத்துமலையில் 42.7 மீற்றர் உயர முருகன் சிலை தரைமட்டத்தில், திறந்த முற்றத்தில் நிற்கிறது. படியேறாமலே பிள்ளை அதன் அடியில் போய்க் கும்பிடலாம். அதைச் சொல்லி, யார் மேலே போவது, யார் பிள்ளையோடு கீழே நிற்பது என்று வீட்டிலிருந்தே பேசி முடிவெடுக்க வையுங்கள். அங்கே போய் நின்று பிள்ளையின் முகத்துக்கு முன்னால் முடிவெடுக்கக் கூடாது. ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீதி நடைபாதைகள் கடைக்குக் கடை மட்டம் மாறுபவை, நாற்காலியோடு அரை மணி நேரம் போதும் போதும் என்றாகிவிடும். கப்பல் நிறுவனத்தின் சாதாரணச் சுற்றுலா பஸ்ஸுக்குப் படிகள் உண்டு. சாய்தளம் உள்ள வேனைப் பல வாரங்களுக்கு முன்னரே தனியாகக் கேட்டு எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் மட்டும் விதிவிலக்கு. அங்கே எல்லா எம்ஆர்டி நகர ரயில் நிலையங்களிலும் லிப்ட் உண்டு. கப்பலுக்கு முன்னால் ஒரு முழு நாள் அங்கே தங்கினால் பிள்ளை ரயிலேறி ஊர் சுற்றலாம். நானுஓயாவில் ரயில் பெட்டியின் உயரப் படியில் இரண்டு பேர் தூக்கி ஏற்றிய பிள்ளைக்கு, மேடையிலிருந்து நேரே உருண்டு ரயிலுக்குள் போவது என்னவென்று தெரியும்.

அந்த ஒரு நாள் வேறொன்றுக்கும் தேவை. மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கமோ கடுகண்ணாவைப் பக்கமோ மண் சரிந்து பாதை அடைபட்டால், கப்பல் நமக்காக நிற்காது. விமானத்தைத் தவறவிட்டவர் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம், கப்பலைத் தவறவிட்டவர் அந்தப் பயணத்தையே விட்டுவிட வேண்டும்.

மலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நாம் பிடிக்கும் கேடிஎச் வேனில் சாய்தளம் இல்லை. நாற்காலி மடிந்து பின்னால் போகும், பிள்ளை ஆசனத்தில் இருக்கும். 5, 6 மணி நேர வளைவுப் பாதையில் முதுகு நிற்காத பிள்ளைக்கு வேன் ஆசனப் பட்டி மட்டும் போதாது. பிள்ளையின் இயன் மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கேட்டு, உடலுக்கு அணை வைத்து, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும். நாற்காலியின் பஞ்சணையும் கழற்றக்கூடிய கால் பலகைகளும் பயணிகள் பகுதியில் குடும்பத்தோடு வரட்டும், பாரப் பெட்டிகளுக்கு அடியில் போனால் வளைந்துவிடும்.

விமானப் பதிவில் நீங்கள் போடும் குறியீடு மிக முக்கியம். டபிள்யூசிஎச்ஆர் என்றால் படியேறி, ஆசனம் வரை நடக்கக்கூடியவர். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படியேற முடியாது, உள்ளே நடப்பார். டபிள்யூசிஎச்சி என்றால் ஆசனம் வரைக்கும் கொண்டுபோக வேண்டியவர். நடக்காத பிள்ளைக்கு மூன்றாவதைப் போட வேண்டும். முதலாவதைப் போட்டால் விமானத்துக்குள் போகும் ஒடுங்கிய நாற்காலி வராது, தகப்பன் தோளில்தான் பிள்ளை போகும். இதை 48 மணி நேரத்துக்கு முன்னராவது அறிவியுங்கள். சொந்த நாற்காலியை விமான வாசல் வரை கொண்டுபோய் அங்கே ஒப்படைக்கக் கேளுங்கள். ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் கைபேசியில் படம் எடுத்துவைத்தால், உடைந்து வந்தால் பேச ஆதாரம் இருக்கும்.

மின் நாற்காலியென்றால் மின்கலத்தின் வகையையும் அளவையும் விமானத்துக்கும் கப்பலுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். லித்தியம் மின்கலத்தில் வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்குங்கள்: 24 வோல்ற், 12 அம்பியர் மணி என்றால் 288 வாட் மணி. மடிக்கும் நாற்காலியிலிருந்து கழற்றிக் கையில் கொண்டுபோகும் ஒரு மின்கலத்துக்கு 300 வரைதான் அனுமதி. 24க்கு 20 என்றால் 480, விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். நாம் கொண்டுபோகும் நீட்டு வயர்ப் பலகைகளைக் கப்பல்காரர்கள் பறித்து வைத்துக்கொள்வார்கள், ஆகவே சார்ஜர், சளி உறிஞ்சும் இயந்திரம், உணவுப் பம்ப் எத்தனை என்று படிவத்தில் எழுதினால் அவர்களே ஒழுங்கு செய்வார்கள். சின்ன அலன் கீகள், ஒரு ஸ்பானர், காற்றடைத்த ரயர் என்றால் மாற்று ரியூப் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

பிள்ளை கப்பலில் என்ன செய்யும்? விலை கேட்கும்போது இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பயணமே இதற்காகத்தான். அக்கா தம்பி நீச்சல் குளத்தில் இருக்க, இந்தப் பிள்ளை கரையில் துவாய் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பயணத்தை விற்காதீர்கள். குளத்துக்குள் இறக்கும் லிப்ட் உள்ள கப்பல்கள் இருக்கின்றன. எந்தக் குளத்தில் என்று கேட்க வேண்டும், பெரியவர்களுக்கு மட்டுமான குளத்தில் இருந்தால் பிள்ளைக்குப் பிரயோசனமில்லை. பம்பர்ஸ் போடும் பிள்ளையைப் பெரும்பாலான கப்பல்களில் குளத்துக்குள் விடமாட்டார்கள், நீச்சல் பம்பர்ஸ் போட்டாலும்கூட. அதற்கென்று தனி நீர் விளையாட்டு இடம் இருக்கிறதா, அதன் தரைக்கு நாற்காலி போகுமா என்று விசாரியுங்கள். சிறுவர் கழகத்திலும் இதே கதைதான்: 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானாகக் கழிப்பறை போக வேண்டும் என்பது பொது விதி, ஊழியர்கள் ஊட்டமாட்டார்கள், தூக்கமாட்டார்கள், மருந்து கொடுக்கமாட்டார்கள். ஒரு பெரியவர் கூட இருந்தால் விடுவார்களா, வயதுப்படி இல்லாமல் பிள்ளையின் வளர்ச்சிப்படி குழுவில் சேர்ப்பார்களா என்று கேட்டால் சில கப்பல்களில் ஆம் என்பார்கள். அந்தக் கப்பலைத் தெரிவு செய்யுங்கள். நடன அரங்கில் நாற்காலிக்கான இடம் பெரும்பாலும் பின்வரிசையில் இருக்கும், 20 நிமிடம் முந்திப் போனால் கிடைக்கும். காட்சி முடிந்ததும் லிப்டுக்கு நெரிசல், 10 நிமிடம் அங்கேயே இருந்துவிட்டு வெளியே வருவது நல்லது.

பாதுகாப்பு ஒத்திகையில் மூன்று விடயங்கள். ஆபத்து நேரத்தில் லிப்ட் ஓடாது, ஆகவே படியால் இறக்கும் நாற்காலியோடு யார் வருவார்கள் என்பதை ஏறிய அன்றே கேட்க வேண்டும். உயிர்காப்பு அங்கி 15 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு ஒன்று, 15 முதல் 43 கிலோ வரை பிள்ளைகளுக்கு ஒன்று, அதற்கு மேல் பெரியவர்களுக்கு. பிள்ளையின் எடையையும் உயரத்தையும் படிவத்தில் எழுதி, சரியான அங்கியை அறைக்கே வரவழைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும், தலை நிற்காத பிள்ளைக்கு அது கழுத்தைத் தள்ளுகிறதா என்று. மூன்றாவது, இரவில் நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, கட்டில் காலோடு ஒரு பட்டியால் கட்டி வையுங்கள்.

மருந்தும் சாப்பாடும் சுருக்கமாக. வலிப்பு மருந்து, தசை இறுக்க மருந்து எல்லாம் கைப்பையில், பயண நாட்களோடு மேலும் 7 நாளுக்கு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய வைத்தியரின் கடிதத்தோடு. மசித்த சாப்பாடு கப்பலில் செய்து தருவார்கள், முன்கூட்டியே எழுதினால். கப்பல் வைத்தியருக்குத் தனிக் கட்டணம். காப்புறுதிப் பத்திரத்தில் “பிறவி நோய்”, “முன்பே உள்ள நோய்” விலக்கு இருக்கிறதா என்று நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அந்த விலக்கோடு வாங்கினால், நடுக்கடலில் பிள்ளைக்கு வலிப்பு வந்து கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் முழுச் செலவும் குடும்பத்தின் தலையில்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் செல்லும் என்று 2005இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010ஆம் ஆண்டின் 1177ஆம் இலக்க ஒழுங்குவிதி கடற்பயணிகளைக் காக்கிறது. சிங்கப்பூர், மலேசியா சுற்றும் பயணத்தில் இவற்றைக் காட்டி வாதாட முடியாது. அதனால்தான் எழுத்தில் வாங்கும் உறுதி இங்கே இவ்வளவு பெரிதாகிறது. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளோடு சமமான இடம் வேண்டும் என்கிறது. நமது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களைப் பற்றியவை.

உங்கள் அலுவலகமும் பொதுமக்கள் வந்துபோகும் இடம்தான். ஆனால் நமது நகரங்களில் பயண முகவர் நிலையங்கள் பல, கீழே புடைவைக்கடை, மேலே ஒடுங்கிய படிக்கட்டு என்று மாடியில் இருக்கின்றன. தகப்பன் மட்டும் படியேறி வந்து பேசுகிறார். பிள்ளையும் நாற்காலியும் கீழே வேனிலோ, வீட்டிலோ. நீங்கள் நாற்காலியைக் காணாமலே அறை பதிவு செய்வதற்கு முதற்காரணம் இதுதான் என்று நினைக்கிறோம். தயவுசெய்து அளவு நாடாவோடு கீழே இறங்கி வாருங்கள். த்ரீவீலுக்குப் பக்கத்தில் நின்று அளந்தாலும் போதும், 5 நிமிட வேலை. அகலம், நீளம், எடை, பிள்ளையின் உயரம், பிள்ளையின் எடை, எப்படிக் கட்டிலுக்கு மாறும், எப்படிக் குளிக்கும், எப்படிச் சாப்பிடும் என்று ஒரு தாளில் எழுதி, அதைக் கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். அறை இலக்கமும் கதவுகளின் அகலமும் எழுத்தில் திரும்பி வந்த பிறகு முற்பணத்தை வாங்குங்கள்.

அடுத்த ஓகஸ்ட் விடுமுறைக்கு விசாரிக்க வரும் குடும்பங்களிடமிருந்தே இதைத் தொடங்கலாம். அளக்கவோ, கப்பல் நிறுவனம் அனுப்பும் அறை வரைபடத்தைப் பார்த்துச் சொல்லவோ உதவி தேவையென்றால் எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
சக்கர நாற்காலி பாவிக்கும் பிள்ளைகளின் பெற்றாரும், அவர்களோடு வேலை செய்யும் இயன் மருத்துவர்களும்
மலையகம்